சித்தேரி மரங்களுக்கு எண் போட்ட வாரம்

எனக்குப் பறவைகளைப் பற்றி அதிகம் தெரியாது. என் தொழில் நிலத்தை அளந்து வரைபடம் வரைவது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஏரியையும் அதை ஒட்டிய புதர்க்காட்டையும் அளந்து வரச் சொன்னார்கள். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஏரி, காடு இரண்டையும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கலாமா என்று மேலே ஒரு யோசனை. யோசனைக்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும். நாகர்கோவில்காரனான நான் அதுவரை காஞ்சிபுரத்தைப் பட்டுப்புடவைக் கடைப் பலகைகளில் மட்டுமே பார்த்திருந்தேன்.

காஞ்சிபுரத்தில் பஸ்ஸில் ஏறும்போதே தகராறு. என்னிடம் முக்காலியில் பொருத்தும் அளவைப் பலகை ஒன்றும், இரும்பு அளவுச் சங்கிலி ஒரு மூட்டையும், எல்லைக்கல்லில் குறி போட ஒரு டப்பா சிவப்புப் பெயின்டும் இருந்தன.

“இன்னா சார் இது? மூணு காலு கீது, தலயக் காணோம்” என்றார் கண்டக்டர்.

“நிலம் அளக்கிற பலகை.”

“அப்போ மேல ஏத்து. ஜனங்க மேல குத்திச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு.”

மாகறலுக்குச் சற்று முன்னால் பின் டயர் போயிற்று. மாற்று டயரிலும் காற்று இல்லை. டிரைவர் அந்த டயரை எதிரே வந்த லாரியில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரத்துக்கே திரும்பிப் போனார். எங்கள் ஊராக இருந்தால் பாதிப் பேர் கண்டக்டரோடு சண்டை பிடித்திருப்பார்கள், மீதிப் பேர் மனு எழுத ஆரம்பித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் பனைமரத்து நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தார்கள். நான் செய்யாற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பழையாறு இதில் கால்வாசி அகலம் இருக்காது, ஆனால் தண்ணீர் இருக்கும். இங்கே ஆறு முழுவதும் மணல். ஓரத்தில் ஒரு வேட்டி அகலத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கும் ஒரு பிடி கடலை கொடுத்துவிட்டு ஊரைக் கேட்டார். சொன்னேன். “கேரளாவா?” என்றார். இல்லை என்றேன். “பேச்சு அப்டித்தான் கீது” என்று முடித்துக்கொண்டார்.

பஸ் உத்திரமேரூர் சேரும்போது இருட்டிவிட்டது. அங்கே விடுதிக்காரர் என்னைக் கோயில் கல்வெட்டு படிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். வெளியூர்க்காரர்கள் அதற்குத்தான் வருவார்களாம். ஏரி அளக்க வந்தேன் என்றதும் அவருக்கு என் மேலிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு. தேங்காய் என்ற பொருளே இல்லாமல் குழம்பு வைக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். புளியும் மிளகாயும் மட்டும். முதல் கவளம் இறங்கவில்லை. மூன்றாவது கவளத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டேன்.

மறுநாள் காலை வனக் காவலர் முனுசாமி சைக்கிளோடு வந்து நின்றார். காக்கிச் சட்டை, கீழே வேட்டி. அந்தச் சுற்றுவட்டாரக் காடுகளுக்கு அவர் ஒருவர்தான் காவல். “நாஷ்டா ஆச்சா சார்?” என்று கேட்டார். அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. அவர் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டியதும் புரிந்தது. பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மானாம்பதி தாண்டி, வரப்பும் வண்டிப்பாதையுமாக நடந்தோம்.

சித்தேரி என்ற அந்த ஏரி கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் மரக்கட்டையைத் தட்டுவது போன்ற சத்தம். அடுத்து நாற்றம், குளச்சல் கடற்கரையில் மீன் உலர்த்தும் இடத்து நாற்றம். கரை மேல் ஏறியதும் பார்த்தேன். ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் கருவேல மரங்கள் நின்றன. எச்சம் படிந்து, சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தன. ஒவ்வொரு மரத்திலும் அடுக்கடுக்காகக் கூடுகள்.

“அலகு நடுவுல இடவெளி கீதே, அது நத்தகுத்தி. கறுப்பு தண்ணிக்காக்கா. அதோ பெருசா ஒக்காந்துனு கீதே, கூயக்கடா” என்று முனுசாமி விரல் நீட்டிக்கொண்டே போனார்.

மதகடியில் கோவிந்தசாமி என்ற விவசாயி நின்றிருந்தார். ஏரிக்குக் கீழே அவருக்கு நெல் வயல் இருந்தது. நான் மூக்கைப் பொத்தியிருந்ததைப் பார்த்து, “நாத்தம்னு பாக்காதீங்க சார். இந்தத் தண்ணி பாஞ்சா ஒரம் அவ்வளவா தேவப்படாது” என்றார். பறவைகள் இங்கேயே இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏரியை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் மதகு யார் கையில் இருக்கும் என்று இரண்டு முறை கேட்டார். எனக்குத் தெரியாது என்று இரண்டு முறை சொன்னேன்.

சங்கிலி இழுக்கக் கூலிக்கு ஓர் ஆள் வேண்டும். முனுசாமி பக்கத்துக் காலனியிலிருந்து ரோசம்மாவை அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான, உயரமான பெண். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். அறுவடைக்கும் மரம் வெட்டவும் ஆள் சேர்த்துப் போகும் மேஸ்திரி அவர்தான் என்றார் முனுசாமி. ஒரு மணி நேரத்தில் சங்கிலியைத் தொய்வில்லாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டார். நான் தவறாக ஓர் எண்ணைச் சொன்னபோது, “முன்ன ஒண்ணு சொன்னியே சார், அத விட்டுட்டியே” என்று திருத்தினார். அவர் எல்லோரையும் அப்படித்தான் ஒருமையில் பேசினார். எங்கள் ஊரில் அதிகாரியை அப்படிப் பேசினால் முகம் சுளிப்பார்கள். எனக்கு முதல் நாள் உறுத்தியது, மறுநாள் மறந்துவிட்டது.

அளக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். நாரைகள் ஏரியிலிருந்து மேற்கே புதர்க்காட்டுக்குப் போய், பச்சைச் சுள்ளியை ஒடித்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்பின. நாள் முழுக்க இந்தப் போக்குவரத்துதான். ஏரியோடு காட்டையும் சேர்த்து அளக்கச் சொன்னதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காட்டுக்குள் போனோம். காடு என்றதும் எங்கள் பக்கத்து மலைக்காட்டை நினைத்துப் போயிருந்தேன். இது வேறு. செம்மண் மேடு, தலைக்கு மேல் உயராத மரங்கள், களாவும் காரையும் சூரையுமாக முட்புதர்கள். சட்டை இரண்டு இடத்தில் கிழிந்தது. நடுநடுவே காலனி ஆடுகள் மேய்ந்தன. என் கையில் இருந்த பழைய வரைபடத்தில் இந்த மேடு முழுவதும் வெறுமையாக இருந்தது. பாதை இல்லை, கிணறு இல்லை, ஒன்றும் இல்லை.

தென்மேற்கு மூலையை நோக்கிச் சங்கிலி போட்டபோது ரோசம்மா நின்றுவிட்டார்.

“சார், இந்தக் கோடு எங்க போவும்?”

“அதோ அந்த ஈச்சம்புதர் வரைக்கும் நேராக.”

“அப்போ எங்காளுங்க உள்ள மாட்டிக்குவாங்களே.”

எனக்குப் புரியவில்லை. அவர் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். புதர்களுக்கு நடுவே ஒரு திறந்த இடம். நாற்பது ஐம்பது மண்மேடுகள், சிலவற்றின் தலைமாட்டில் மரச்சிலுவை, சிலவற்றில் வெறும் கல். காலனியின் கல்லறைத் தோட்டம் அது. கிறிஸ்தவர்களும் இந்துக்களும் அங்கேதான் புதைத்தார்கள். ஊர்ச் சுடுகாட்டில் அவர்களுக்கு இடம் இல்லை. புதிய மண்மேடு ஒன்றின் மேல் காய்ந்த சாமந்திப்பூ கிடந்தது.

“எங்க வூட்டுக்காரரு. போன ஆடியில பாம்பு கடிச்சிடுச்சு” என்றார். “வேலி போட்டுட்டா நாங்க எப்டி சார் வந்து போறது? அப்பால ஒருத்தர் செத்தா எங்க கொண்டு போறது?”

முனுசாமி என்னைத் தனியே அழைத்து, பழைய வரைபடத்தில் இல்லாததைப் புதிதாகக் காட்டினால் மேலே கேள்வி வரும், பேசாமல் நேராக இழுத்துவிடுங்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வேலையில் கேள்வி வந்தாலே தொல்லை. ஆனால் தரையில் இருப்பதைத் தாளில் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல்லறையைச் சுற்றி நான்கு பக்கமும் அளந்தேன். காலனியிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையையும் அளந்தேன். கூடுதலாக அரை நாள் ஆயிற்று. மதியம் ரோசம்மா தூக்குவாளியில் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழில் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தேன். மரச்சீனிக் கிழங்குக்குப் பழகிய வயிறு அதையும் ஏற்றுக்கொண்டது.

நான்காம் நாள் காலை நாங்கள் கரைக்கு வந்தபோது ஒரு லாரி நின்றிருந்தது. ஏரியின் தெற்கு ஓரத்துக் கருவேல மரங்கள் முன்பே விறகுக்கு ஏலம் போயிருந்தன. கூடு கட்டும் காலம் என்பதை ஏலம் விட்டபோது யாரும் யோசிக்கவில்லை. ஏலம் எடுத்தவரின் ஆள், மணி என்பவர், காகிதத்தோடு வந்திருந்தார். வெட்டும் வேலையை ஒத்துக்கொண்டிருந்தது ரோசம்மாவின் ஆட்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கோடரியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். ரோசம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரும் இறங்கினார்.

முதல் மரம் சாய்ந்தது. மேலே இருந்த பறவைகள் ஒன்றாக எழுந்தன. கூடுகள் தண்ணீரில் விழுந்து சுள்ளி சுள்ளியாகப் பிரிந்தன. குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது, பறக்கும் பருவம் இன்னும் வரவில்லை. சில மிதந்தன, சில கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்தப் பார்த்தன. ரோசம்மா ஒன்றைப் பிடித்துத் தூக்கினார். அது பயத்தில் தின்றதையெல்லாம் அவர் சட்டையில் கக்கியது. பாதி செரித்த நத்தைச் சதை. அவர் முகத்தைத் திருப்பவில்லை. குஞ்சைக் கரையில் விட்டுவிட்டு, திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்:

“போதும். ஏறுங்க.”

மணி ஓடிவந்தார். “வேலய ஒத்துக்கினு இப்ப இன்னா இது?”

“வெட்டமாட்டேன்னு சொல்லல நைனா. இதுங்க பறந்து போவட்டும், பங்குனியில வந்து வெட்டித் தரோம்.”

“பங்குனி வரைக்கும் லாரிய நிறுத்திக்கினு கீறதா? நீ இல்லன்னா வேற ஊர் ஆளு வருவான். நாளைக்கே கொண்டாரேன்.”

கூலி போயிற்று என்று அவருடைய ஆட்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ரோசம்மா புடவையைப் பிழிந்துகொண்டு கரையில் உட்கார்ந்தார். லாரி போனதும் முனுசாமியிடம், “அண்ணே, நீதான காவலு. நீ நிறுத்தக் கூடாதா?” என்று கேட்டார்.

“அவன்கிட்ட பேப்பர் கீது. என்கிட்ட இன்னா கீது?” என்றார் முனுசாமி. அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. செங்கல்பட்டில் இருக்கும் வன அதிகாரியிடம் நேரில் போய்ச் சொல்லி அழைத்து வருவதாகச் சொன்னார். போய் வர ஒரு நாளாவது ஆகும். அதிகாரி இடத்தில் இருக்க வேண்டும், உடனே கிளம்பவும் வேண்டும். மணி மறுநாள் காலையிலேயே வந்துவிடுவார்.

என்னிடமும் எந்த அதிகாரமும் இல்லை. நான் வரைபடக்காரன். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதி வெளியாட்களையும் கட்டுப்படுத்தும்: அளவு நடக்கும்போது அளவுக்குறி உள்ள கல்லையோ மரத்தையோ அகற்றக் கூடாது. டப்பாவில் சிவப்புப் பெயின்ட் இருந்தது.

“ரோசம்மா, தெற்கு ஓரத்தில் கூடு உள்ள மரம் எத்தனை?”

அவர் எண்ணிப் பார்த்தார். “இருவத்தி மூணு.”

எனக்கு நீச்சல் தெரியாது. சேறு காலை இழுத்தது. ரோசம்மா ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், மறு கையில் பெயின்ட் டப்பா. மேலே இருந்து எச்சம் என் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் தண்ணீர் மட்டத்துக்கு மேல் எச்சத்தைச் சுரண்டி, ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் போட்டேன். இருபத்து மூன்றாவது மரத்தை முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உண்மையில் எனக்கு அங்கே மூன்று குறிகள் போதும்.

மறுநாள் மணி புதிய ஆட்களோடு வந்து எண்களைப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“அளவுக்குறி. அளவு முடியும்வரை கை வைக்கக் கூடாது.”

“எப்ப முடியும்?”

“சொல்ல முடியாது. சங்கிலி இழுக்க ஆள் பற்றவில்லை.”

அவர் என்னை நம்பவில்லை. ஆனால் சிவப்பு எண்ணை வெட்டவும் துணியவில்லை. முதலாளியைக் கேட்டு வருகிறேன் என்று போனார். அன்று முழுவதும் நான் ஏற்கெனவே அளந்த கரையை மறுபடியும் அளந்துகொண்டிருந்தேன். ரோசம்மா சங்கிலியைப் பிடித்தபடி, “இது நேத்தே அளந்தோமே சார்” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மதியம் அதிகாரி ஜீப்பில் வந்தார், பக்கத்தில் முனுசாமி. அதிகாரி அதிகம் பேசாதவர். கரையிலிருந்து மரங்களைப் பார்த்தார், பின்பு என் பலகையைப் பார்த்தார்.

“இந்த அளவுக்கு இருபத்து மூன்று குறி வேண்டுமா?”

“வேண்டியதில்லை சார்.”

அவர் மறுபடியும் ஏரிப் பக்கம் திரும்பினார். நான்காம் நாள் வெட்டிய மரம் அப்படியே தண்ணீரில் கிடந்தது. அதைச் சுற்றிச் செத்த குஞ்சுகள் ஊதி மிதந்தன. அதைப் பார்த்துவிட்டு ஜீப்புக்குப் போய், கூடுகள் காலியாகும்வரை வெட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முனுசாமியிடம் கொடுத்தார். “போட்ட எண்களை அளவுப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள்” என்று என்னிடம் சொன்னார்.

ரோசம்மா அவரையும் விடவில்லை. கல்லறைக்கு அழைத்துப் போனார். அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். வெளியே வந்து, எல்லைக்கோடு உள்பக்கமாக வளைந்து கல்லறையை வெளியே விட்டுப் போகட்டும், பாதையும் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்றார். ரோசம்மா அடுத்ததாக ஆடுகளைப் பற்றிக் கேட்டார். “அது என் கையில் இல்லை” என்றார் அதிகாரி.

அன்று மாலை பஸ்ஸுக்கு நின்றபோது விடுதிக்காரர் என் சட்டையைப் பார்த்து, கல்வெட்டுக்கே வந்திருக்கலாம் என்றார்.

கோப்பு நகர மூன்று ஆண்டுகள் ஆயின. ஏரியும் மேடும் பாதுகாக்கப்பட்ட இடமாயின. ஏலம் ரத்தானது. மதகு ஊர்க்காரர்கள் கையிலேயே இருக்கலாம் என்று ஆணை வந்தது. எல்லைக்கற்கள் வரைபடத்தின்படி நடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க என்னையே அனுப்பினார்கள். கற்கள் சரியாக இருந்தன. கல்லறை மூலையில் கோடு வளைந்துதான் போயிற்று. மரங்களில் முன்னைவிட அதிகக் கூடுகள் இருப்பதாக முனுசாமி சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ரோசம்மாவைக் காலனியில் பார்த்தேன். நாற்று நட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் ஆட்டுக்குக் கட்டிய பட்டி காலியாக இருந்தது.

“ஆடெல்லாம்?”

“வித்துட்டேன். மேடு பூரா கல்லு நட்டுட்டாங்களே, எங்க மேய்க்கறது? ஆறு வூட்ல ஆடு இருந்துச்சு. இப்ப ஒருத்தர்கிட்டயும் இல்ல.”

அவர் குரலில் கோபம் இல்லை. அன்று மரத்தை வெட்டாமல் நிறுத்தியதற்காக வருத்தப்படுகிறாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

அவர் கொஞ்சம் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். “அது வேற சார், இது வேற. குஞ்சு விழுந்துச்சு, நிறுத்தினேன். அதுக்கு இன்னா வருத்தம்? ஆட்டுக்கு ஒரு பக்கம் வுட்டுருக்கலாம் இல்ல? வடக்கால அந்தப் பொட்டல்ல ஒரு பறவயும் எறங்காது. யாராச்சும் கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்.”

திரும்பி வந்து அறிக்கை எழுதும்போது வடக்குப் பொட்டலை மேய்ச்சலுக்கு விடலாம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். அது யார் சொன்ன யோசனை என்பதையும் பெயரோடு எழுதினேன். என் வேலை கற்களைச் சரிபார்ப்பது மட்டுமே என்று அந்தப் பத்திக்கு எதிரே பென்சிலால் யாரோ குறித்து, அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள். பத்தியை எடுக்காமல் மறுபடியும் அனுப்பினேன்.